உரக்க வாசித்தல்

மே 6, செவ்வாய்

எமல்டா மேடம் கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டார். வரும் ஆண்டில் பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு வாரத்தில் இரண்டு பிரிவேளை ஆங்கில இலக்கியம். பாடப்புத்தகம் கிடையாது, பரீட்சையும் கிடையாது. கதை, கவிதை, எதுவானாலும் நானே தேர்ந்தெடுத்து, ஜூன் முதல் மார்ச் வரைக்கும் திட்டம் எழுதித் தர வேண்டும். தலைமையாசிரியை ஒருவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வர நான் எத்தனை காலம் காத்திருந்தேன்!

காலையிலேயே சாப்பாட்டு மேசையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இவர் மதியம் உரக்கடையிலிருந்து சாப்பிட வந்தபோது வீடு முழுக்கப் புகை. குக்கரில் பருப்பு கரியாகிக் கிடந்தது.

"விசில் அடிச்சது கேக்கலையா செம்பா?"

"எழுதிக்கிட்டிருந்தேன்."

எழுத உட்கார்ந்தால் எனக்கு எப்போதும் உலகம் மறந்துபோகும்.

மே 9, வெள்ளி

ஜூன், கவிதைகள். ஜூலை, சிறுகதைகள். ஆகஸ்டில் என் ஆங்கில வகுப்புகளில் வழக்கமாக நாடகம் இருக்கும். போர்வையை அங்கியாகப் போர்த்திக்கொண்டு பிள்ளைகள் ராஜாவாகவும் நீதிபதியாகவும் நிற்பார்கள். இந்த வருடம் நாடகம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நாடகம் என்றால் கூச்சல்தான். ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினால் யார் எதைச் சொன்னார்கள் என்று யாருக்குத் தெரிகிறது? கவிதையை உரக்க வாசிப்பதையும் எடுத்துவிட்டேன். மௌனமாகப் படிக்கட்டும், கேள்விக்குப் பதிலைத் தாளில் எழுதித் தரட்டும். ஆழமாகப் படிக்கிறவர்கள் அப்படித்தான் படிக்கிறார்கள்.

மே 15, வியாழன்

இந்த மின்விசிறியை மாற்ற வேண்டும். இரைச்சலில் புனேயிலிருந்து மகன் பேசுவது ஒன்றும் புரிவதில்லை. "மெசேஜ் போடுதேன்மா" என்று வைத்துவிட்டான்.

மே 21, புதன்

நஸ்ரின் வந்திருந்தாள். கடையநல்லூர்ப் பெண், 'அ' பிரிவுக்கு ஆங்கிலம் எடுக்கிறாள். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், இன்னும் எல்லாவற்றுக்கும் என்னிடம் ஓடி வருவாள். திட்டத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

"டிராமா எங்க மிஸ்?"

"இல்ல."

"போன வருஷம் உங்க டிராமாவப் பாக்க டென்த் பிள்ளைங்கல்லாம் ஜன்னல்ல தொங்குச்சே!"

"அதான் சொல்லுதேன், படிப்பா அது? வேடிக்கை."

அவள் திட்டத்தை மூடிக் கொடுத்தாள். கேட்டுக்கு வெளியே போய் ஸ்கூட்டரைக் கிளப்பியபடி திரும்பி ஏதோ சொன்னாள். நான் சிரித்துக் கையசைத்தேன். அவள் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிக்கிற விஷயம் இல்லை போலிருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. சாரலும் சொன்ன நாளில் வந்துவிட்டது. எங்கள் வகுப்புக்குத் தகரக் கூரை. மழை விழுந்தால் உள்ளே சரளைக்கல் கொட்டுகிற மாதிரி இருக்கும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்றோ, எல்லாருமே வாய்க்குள் முணுமுணுக்கிறார்கள். பெயரைச் சொல்லச் சொன்னால்கூட இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது. முன்வரிசையில் ஒருத்தி மட்டும் உதட்டைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பேசுகிறாள். சந்தனமாரி. அரசுப் பள்ளியிலிருந்து புதிதாக வந்திருக்கிறாள். அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை, அம்மா பீடி சுற்றுகிறாள். அவள் பேசினால் எனக்குச் சிரமமே இல்லை. பேச்சு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி தபால் கொடுக்கும் வேலைக்குப் போக ஆசைப்படுகிற கதை. வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள். அவள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதச் சொன்னேன். எல்லாரும் பெற்றவர்கள் சொல்லைத் தட்டக் கூடாது என்று ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். சந்தனமாரி மட்டும், பிழையான ஆங்கிலத்தில், 'அவள் போக வேண்டும். அம்மா ஒரு வாரம் அழுவாள். அதன் பிறகு பக்கத்து வீட்டில் பெருமை பேசுவாள்' என்று எழுதியிருந்தாள். இறந்தகாலம் நிகழ்காலம் எல்லாம் குழம்பிக் கிடந்தது. திருத்த மனம் வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

எமல்டா மேடம் வகுப்பைப் பார்வையிட வந்தார். பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். "ஸ்கூல்லயே உங்க கிளாஸ்தான் அமைதியா இருக்கு" என்றார்.

அவர் போனதும் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்வரிசை முழுக்கச் சிரிப்பு. என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள் ஒருத்தி. முன்வரிசையில் சந்தனமாரி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி அவர்களை முறைத்தாள்.

ஜூன் 26, வியாழன்

நல்ல மழை. கடைசிப் பிரிவேளை முடிந்து எல்லாரும் போன பிறகு சந்தனமாரி என் மேசைப் பக்கம் வந்து நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு, தாவணி நுனியைத் திருகியபடி என்னென்னவோ சொன்னாள். மேலே தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா என்பது மட்டும் தெரிந்தது. ஏதோ வீட்டு விசேஷம், லீவு கேட்கிறாள் என்று புரிந்துகொண்டேன். நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"சரிம்மா. எல்லாம் நல்லதுக்குத்தான். நல்லபடியா போயிட்டு வா" என்றேன்.

அங்கேயே நின்றாள். பிறகு தலையாட்டிவிட்டு, குடை இல்லாமலே மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள். குடை எடுத்துப் போ என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை.

செப்டம்பருக்கான கவிதைகள் இன்னும் முடிவாகவில்லை. கடல் பற்றி இரண்டு இருக்கின்றன. இரண்டும் நீளம்.

ஜூலை 3, வியாழன்

சந்தனமாரி இந்த வாரம் முழுக்க வரவில்லை. விசேஷத்துக்கு இத்தனை நாளா?

ஜூலை 10, வியாழன்

ஓய்வறையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நஸ்ரின் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மிஸ், சந்தனமாரிக்குக் கல்யாணம் பேசி முடிச்சிட்டாங்களாம். ஆவணியில முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு முப்பது வயசுக்கு மேல இருக்கும்ங்காங்க."

"அவளுக்குப் பதினாறுதானே!"

"அதான் மிஸ்." அவள் குரலைத் தணித்திருக்க வேண்டும், நான் முன்னால் குனிய வேண்டியிருந்தது. "அவ உங்ககிட்ட வந்து சொன்னாளாமே. எனக்குப் படிக்கணும், அப்பாட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ்னு அழுதாளாம். நீங்க எல்லாம் நல்லதுக்குத்தான், போயிட்டு வான்னு சொல்லிட்டீங்களாம். அவ சிநேகிதி எங்கிட்ட வந்து அழுதுச்சு."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அந்தச் சிநேகிதி பொய் சொல்கிறாள்.

ஜூலை 11, வெள்ளி

சொன்னேன். அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். மேலே என் கையெழுத்திலேயே இருக்கிறது.

ஜூலை 12, சனி

நஸ்ரினின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஆலைக்குப் பின்புறம், ஓட்டு வீடு. வாசலில் சந்தனமாரியின் அம்மா மடியில் இலையும் தூளும் பரப்பிய சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் சொளவை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"வாங்க டீச்சர், வாங்க. ஏட்டி, யாரு வந்துருக்கான்னு பாரு!"

சந்தனமாரி கதவோரம் வந்து நின்றாள். தலையில் பூ, கையில் புது வளையல். என்னைப் பார்த்தாள், அது பார்வையே இல்லை.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நெற்றி முழுக்கத் தவிடு. நஸ்ரின் பேச்சை ஆரம்பித்தாள். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள், வயசு ஆகவில்லை, சட்டம் விடாது. அம்மாதான் குறுக்கே வந்தாள். எனக்கு நேராக நின்று, முகத்தைப் பார்த்துப் பேசினாள். அதனால் ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

"எனக்கும் மனசே இல்ல டீச்சர். பச்சப்புள்ளன்னு இவியகிட்ட சண்டை போட்டேன். சோறு பொங்கல. அப்பதான் இவ வந்து சொல்லுதா, எங்க டீச்சரே நல்லதுக்குத்தான்னு சொல்லிட்டாவன்னு. படிச்சவிய நீங்களே சொன்னப்புறம் நான் என்னத்தச் சொல்ல? சரின்னுட்டேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாத ஒன்றை, இந்த நோட்டில்கூட எழுதாத ஒன்றை, அந்தப் பீடி இலை வாசத்துக்கு நடுவில் நின்று சொன்னேன்.

"எனக்குக் காது கேக்காதும்மா. அன்னைக்கு மழை. உங்க பொண்ணு சொன்னது ஒண்ணுமே என் காதுல விழல. லீவு கேக்கான்னு நெனச்சுச் சொல்லிட்டேன்."

யாரும் பேசவில்லை. அல்லது பேசினார்களோ என்னவோ. சந்தனமாரி கதவை விட்டுவிட்டு உள்ளே போனாள். அம்மா மெதுவாகச் சொளவுப் பக்கம் உட்கார்ந்தாள். கை இலையைத் தேடியது, எடுக்கவில்லை.

அப்பா எழுந்தார். "வாக்கு குடுத்தாச்சு. நீங்க போயிட்டு வாங்க."

"நிறுத்தலைன்னா நான் புகார் குடுப்பேன்" என்றேன். நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். தோளைத் தொட்டுத் திருப்பினார்.

"எனக்குத் தெரியும் செம்பா."

"எப்ப இருந்து?"

"கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் உன் இடப்பக்கமாத்தான நடக்கேன். நீ கவனிக்கலையா?"

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். டிவி சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேக்குன்னு சொன்னேன். நீ மூணு நாளு பேசல."

அந்தச் சண்டை நினைவிருக்கிறது. காரணம் வேறு என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

எமல்டா மேடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பள்ளிக்கூடத்தின் பெயர் எதற்கு இதில் வர வேண்டும், ஊர்க்காரர்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள், நீங்கள் ஓய்வு பெற இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது. எல்லாவற்றையும் தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். என் காது விஷயத்தை நஸ்ரின் சொல்லியிருப்பாள். "அன்னைக்கு எனக்கு உண்மையாவே கேக்கல மேடம். இன்னைக்கு நீங்க சொல்லுதது கேக்கு. ஆனாலும் புகார் குடுக்கத்தான் போறேன்" என்றேன்.

சாயங்காலம் குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்தோம். ஃபோனில் எனக்கு ஒன்றும் விளங்காது. இவர் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் என் இடது காதருகே சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

"பொண்ணு பேரு கேக்காங்க!"

சொன்னேன்.

"வயசு! பள்ளிக்கூடத்துல என்ன பதிஞ்சிருக்குன்னு கேக்காங்க!"

சொன்னேன்.

"உனக்கு எப்படித் தெரியும்னு கேக்காங்க!"

அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ளையே எங்கிட்ட வந்து சொன்னா" என்றேன். இவர் அதை ஃபோனில் அப்படியே சொன்னார். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

அதிகாரிகள் நேற்று அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பதினெட்டு முடியும் வரை கல்யாணம் செய்ய மாட்டோம் என்று அப்பாவிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் எழுதி வாங்கிவிட்டார்கள்.

இன்று பள்ளி விடும் நேரம், கேட்டருகே சந்தனமாரியின் அப்பா நின்றார். என்னைக் கண்டதும் கையை நீட்டிக் கத்த ஆரம்பித்தார். கூட்டம் கூடிவிட்டது. அவர் போன பிறகு நஸ்ரினிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"விடுங்க மிஸ்."

"முழுசாச் சொல்லு."

சொன்னாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அதை எழுத முடியாது. கடைசியாகச் சொன்னது மட்டும் எழுதுகிறேன். 'செவிடு சொன்னதைக் கேட்டு எங்க குடும்பம் தெருவுல நிக்கு.'

ஜூலை 26, சனி

தென்காசியில் டாக்டரைப் பார்த்தோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஏதோ மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் முகம் மாறிக்கொண்டே போனது. வலது காது ஏறக்குறைய போய்விட்டது. இடது பாதி. முன்பே வந்திருக்கலாமே என்று டாக்டர் இவரைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "நான்தான் வரல" என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காதில் மெஷின். தாளைத் திருப்பினால் சத்தம் வருகிறது. என் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று தெரியாது. தாளித்தால் பயமாக இருக்கிறது.

வகுப்பில் பலகைப் பக்கம் திரும்பியபோது பின்வரிசையிலிருந்து, "செவிட்டுச் செம்பா, மெஷின் செம்பா" என்று யாரோ பாட்டு மாதிரிச் சொன்னார்கள். கையில் சாக்பீஸ் நின்றுவிட்டது. ஜூன் மாதச் சிரிப்பு எதற்கென்று இப்போது தெரிந்துவிட்டது. திரும்பி, "ராகம் சரியில்ல" என்றேன்.

பிறகு தமிழிலேயே சொன்னேன். எனக்கு வலது காது கேட்காது. இடது காது மெஷினோடு கேட்கும். பேசுகிறவர்கள் எழுந்து நின்று, என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். கேட்கவில்லையென்றால் கேட்கவில்லை என்று சொல்வேன். பின்வரிசையில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் புரிந்துகொண்டார்களா, இன்னும் பயப்படுகிறார்களா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் திட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டேன். ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை எழுதிய எல்லாவற்றின் குறுக்கேயும் கோடு போட்டேன். மே மாதம் முழுக்க உட்கார்ந்து நான் போட்டது பிள்ளைகளுக்கான திட்டமே இல்லை. யாரும் என்னிடம் எதுவும் பேசிவிடாமல் ஒரு வருடத்தைக் கடத்தும் திட்டம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சந்தனமாரி வந்துவிட்டாள். அம்மாதான் கொண்டுவந்து விட்டாளாம். அப்பா இன்னும் வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம், தெருவில் யாரும் இவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க வருவதில்லையாம். எல்லாம் நஸ்ரின் சொன்னது. முன்வரிசை இடம் காலியாக இருந்தும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பெயர் கூப்பிட்டபோது கையை மட்டும் தூக்கினாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

படிக்கட்டில் எதிரே வந்தாள். "சந்தனமாரி" என்றேன். நின்றாள். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

புயலில் படகு உடைந்து, ஆள் இல்லாத தீவில் ஒதுங்கும் மூன்று பெண்களைப் பற்றிய சின்ன நாடகம். நானே எழுதியதுதான், ஆங்கிலம் எளிது. இன்று உரக்க வாசிப்பு. ஒவ்வொருத்தியாக எழுந்து வாசித்தார்கள். எத்தனை விதமான குரல்கள்! பின்வரிசை இசக்கியம்மாளுக்கு ஆண்பிள்ளைக் குரல் என்று இன்றுதான் தெரிந்தது.

சந்தனமாரியின் முறை வந்தது. எழுந்து, தாளைப் பிடித்துக்கொண்டு, வாயை அசைத்தாள். சத்தம் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று காதைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே ஆட்டோ போவது கேட்டது. பக்கத்துப் பெண்கள் அவளைப் பார்ப்பதைக் கண்டதும் புரிந்தது. அவள் குரலே எடுக்கவில்லை. வேண்டுமென்றே உதட்டை மட்டும் அசைக்கிறாள். நான் அன்றுபோலவே கேட்டதாக நடித்து 'குட், உட்காரு' என்று சொல்கிறேனா என்று பார்க்கிறாள்.

"கேக்கல. மறுபடி சொல்லு."

மறுபடி உதட்டை அசைத்தாள். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"கேக்கலம்மா. மறுபடி."

அவள் தாளை இறக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"ஏன் மிஸ் அன்னைக்கே இப்படிக் கேக்கல?"

பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிட்டது. எனக்கு முழுதாகக் கேட்டது. கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது வரைக்கும் கேட்டது.

"வெக்கமா இருந்துச்சு" என்றேன். "காது கேக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதுக்கு நீ பலியாகப் பாத்த."

அவள் நின்றுகொண்டிருந்தாள். நானும் நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தாளைத் தூக்கி, கோபம் தணியாத குரலிலேயே தன் வரிகளை வாசிக்க ஆரம்பித்தாள். முதல் வரியில் தீவு வந்தது.

"ஐஸ்லாண்ட்" என்றாள்.

"ஐலண்ட்" என்று திருத்தினேன். "நடுவுல இருக்கிற எஸ்ஸைச் சொல்லக் கூடாது."

முறைத்தாள். "ஐலண்ட்" என்றாள். மேலே வாசித்தாள்.